கதவுக் கடை நாடகமும் எங்கள் பாடும்

நீலகிரியில் நாடகம் போடுகிறவன் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது வசனம் அல்ல, தார்ப்பாய் கட்டுவது. மழை இல்லாத நாளில் மூடுபனி வரும். மூடுபனி இல்லாத நாளில் கரண்ட் போகும். இரண்டும் ஒழுங்காக இருக்கிற நாளில் பக்கத்து மைதானத்தில் எவனாவது கிரிக்கெட் டோர்னமென்ட் வைத்துக்கொண்டு, ஸ்கோரை மைக்கில் கத்திக்கொண்டிருப்பான். நீங்களும் ஒரு தடவையாவது ஒட்டு மீசையோடு மேடை ஏறி, வசனம் மறந்து முழித்தவராக இருந்தால் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும். அப்படி முழிக்காதவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

கூடலூரில் எனக்கு ஒரு செருப்புக் கடை. அது சோற்றுக்கு. நாடகம் என் தலையெழுத்துக்கு. ஐந்தாறு பேரைச் சேர்த்துக்கொண்டு ‘கதவுக் கடை’ என்று நானே எழுதிய நாடகத்தை எஸ்டேட் எஸ்டேட்டாகக் கொண்டு போனோம். கதை பெரிதில்லை. ஓர் ஊரில் போர். ஜனங்கள் ஊரைக் காலி செய்துகொண்டு ஓடுகிறார்கள். ஓடுகிறவர்களிடம் தையல் மெஷின், சைக்கிள், நிலையோடு பெயர்த்த கதவு என்று எல்லாவற்றையும் அடிமாட்டு விலைக்கு வாங்கி, இரண்டு பக்கத்துப் பட்டாளத்துக்கும் விற்றுப் பிழைக்கிறது ஒரு குடும்பம். அம்மா, மகன், மகள். கடைசியில் இவர்களே ஓட வேண்டி வரும்போது வாங்க ஆள் இல்லை. போர் வேண்டாம் என்பதுதான் கருத்து. அந்தக் கருத்தைச் சொல்ல நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே, கேளுங்கள்.

கரடி உடைத்த வீடு

நாடகத்துக்குக் கதவுகள் வேண்டும். இடித்த தொழிலாளர் லைன் வீடுகளிலிருந்து நிஜக் கதவுகளையே கேட்டு வாங்கி, பச்சை, சிவப்பு என்று பெயிண்ட் அடித்து மேடையில் சாய்த்து வைத்திருந்தோம். கோத்தகிரிப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் சம்பள ஞாயிற்றுக்கிழமை எங்கள் நாடகம். சம்பள நாள் என்றால் எஸ்டேட் வாசலில் சந்தை கூடிவிடும். ஸ்வெட்டர், கருவாடு, பிளாஸ்டிக் குடம் எல்லாம் தரையில் பரப்பி இருக்கும். நாங்கள் நல்ல வெளிச்சம் இருக்கிறது என்று சந்தையை ஒட்டியே மேடை போட்டோம். புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மேடையில் தாய்க்காரி “வாங்க, வாங்க, கதவு வாங்க” என்று கூவியதும், கையில் பையோடு ஓர் ஆள் படியேறி வந்துவிட்டார். கதவைத் தட்டிப் பார்த்தார். கீலை ஆட்டிப் பார்த்தார். ஆட்டத்தை நிறுத்தாமல் மேடை ஓரத்திலிருந்து ஜாடையில் போகச் சொன்னேன். அவர் என்னை முறைத்தார். கூட்டம் சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. நான் பக்கத்தில் போய், இது நாடகம் என்று காதோடு சொன்னதும் அவர் சொன்னார்: “நாடகமா இருந்தா இருந்துட்டுப் போகுதுங்க. எங்க ஊட்டுக் கதவைக் கரடி ஒடைச்சு நாலு நாளாச்சு, பிள்ளைங்க பயந்துட்டுத் தூங்க மாட்டேங்குது. இந்தப் பச்சைக் கதவை என்ன வெலைக்குத் தருவீங்க, அதைச் சொல்லுங்க.”

யோகம்மாவின் பேரம்

அந்தத் தாய்க்காரியாக நடித்தவர் யோகம்மா. பந்தலூர் பக்கம் ஓர் எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர். அப்பா அம்மா சிலோனிலிருந்து வந்தவர்கள். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிரசாந்த் என்று ஒரே மகன். யோகம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் வாய் இருக்கிறதே, அப்பா சாமி!

நாடகத்தில் ஒரு காட்சி. ஒரு சிப்பாய் ஒரு துணி மூட்டையைக் கொண்டுவந்து விலை கேட்பான். தாய்க்காரி மூட்டையைப் பிரிக்காமலே பேரம் பேசிப் பேசி அவனை அடிமட்டத்துக்கு இறக்குவாள். காசைக் கொடுத்துவிட்டுப் பிரித்தால் உள்ளே பட்டாளத்துக்குப் போன அவளுடைய மகன் சட்டை இருக்கும். பேரத்துக்கு நான் வசனமே எழுதவில்லை. யோகம்மா வாய்க்கு வந்ததைப் பேசுவார், ஒவ்வோர் ஊரிலும் வேறு பேரம். “இது என்ன பொணத்து மேல உருவுன துணியா, இந்த நாத்தம் நாறுது” என்பார். ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கும். மூட்டையைப் பிரித்ததும் சிரிப்பு அப்படியே நிற்கும். ஆள் பற்றாக்குறையால் மகனாக நடிக்கிற தினேஷேதான் அந்தச் சிப்பாயும். மகனாகப் போய்ச் சாவான், தொப்பி போட்டுக்கொண்டு வந்து தன் சட்டையைத் தானே விற்பான். சோலூரில் நாடகம் முடிந்ததும் கேரட் போடுகிற விவசாயி ஒருத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார். “மனசே ஆறலீங்க. ஆனா ஒண்ணு, இந்தம்மாவை ஒரு சீசனுக்கு மேட்டுப்பாளையம் மண்டிக்கு எங்க கூட அனுப்பி வைங்க.”

தையல் மெஷின்

இன்னோர் எஸ்டேட்டில் எல்லாரும் போன பிறகும் ஒரு பெரியவர் போகாமல் நின்றார். மேடையில் இருந்த பழைய தையல் மெஷினைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். சக்கரத்தை ஒரு சுற்று சுற்றினார். ‘இவரும் விலை கேட்கப் போகிறார்’ என்று எனக்கு எரிச்சல். அவர் யோகம்மாவைத் தேடினார். யோகம்மா ஒப்பனையைக் கழுவிவிட்டு வந்து வணக்கம் சொன்னதும், பதில் வணக்கம்கூடச் சொல்லாமல் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, “நாங்க சிலோனை விட்டுக் கப்பல் ஏறப் போறப்ப எங்கம்மா மெசினை ஒரு பொம்பளதான் வாங்குனா. அவளும் எங்க மொகத்தப் பாக்காமதான் பேரம் பேசுனா” என்றார்.

ஸ்டோர் வேலை

இதற்கு நடுவில்தான் பிரசாந்த் வெளிநாடு போனான். கோயமுத்தூர் ஏஜென்ட் ஒருவன் ஏற்பாடு. எந்த நாடு என்று கேட்டால் யோகம்மாவுக்குச் சொல்ல வராது. “பனி கொட்டுற ஊருண்ணே, நம்ம ஊட்டியை விடக் குளிராம்” என்பார். ஏஜென்டிடம் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அங்கே சண்டை நடக்கிறதே என்று நான் கேட்டேன். சண்டை எங்கேயோ எல்லையில் நடக்கிறது, இவனுக்குப் பட்டாளத்துக் கிட்டங்கியில் அரிசி, மாவு எண்ணி வைக்கிற ஸ்டோர் வேலை என்றார். போருக்குச் சாமான் விற்றுப் பிழைக்கிற குடும்பத்தைப் பற்றி நாடகம் போடுகிறோம், நம் வீட்டுப் பையன் போருக்கு அரிசி எண்ணப் போகிறானே என்று வாய்விட்டே சொன்னேன். “அரிசிதானேண்ணே, குண்டா எண்ணுறான்?” என்று சிரித்தார்.

ஒருநாள் பிரசாந்த் போட்டோ அனுப்பியிருந்தான். யோகம்மா அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டினார். ஊட்டிப் பக்கம் ஒரு நாடகத்துக்கு முன்வரிசையில் போஜன் என்று ஒருத்தர் வந்திருந்தார். பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ரிட்டையர் ஆன படகர் சமூகத்துக்காரர். அவரிடமும் போனை நீட்டினார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது மெதுவாகக் கேட்டார்: “ஏம்மா, அரிசி மூட்டை எண்ணறவனுக்கு எதுக்கு மார்ல குண்டு தாங்கற கோட்டு மாட்டி விட்டிருக்காங்க?”

மாரியம்மன் கோயில் கமிட்டி

அதற்குப் பிறகு யோகம்மாவின் முகமே மாறிவிட்டது. மகனிடம் கேட்டால், “சும்மா பயிற்சிம்மா, எல்லாத்துக்கும் குடுக்கறாங்க” என்றானாம். ‘நாலு மாசத்தில் வந்துடறேன்’ என்றும் சொன்னானாம். அந்த நேரம் பார்த்து ஒரு மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் கூப்பிட்டார்கள். கமிட்டிக்காரர்கள் நாலு பேர் மாலையில் வந்து உட்கார்ந்தார்கள். அம்மன் தேர் நிற்கிற இடத்தில் சாவு விழக்கூடாது, கதையை மாற்றுங்கள் என்றார்கள். நான் குதித்தேன். மகன் சாகாமல் என்ன நாடகம்? போர் என்றால் கரகாட்டமா? தலைவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கருத்து எங்களுக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் சாவு மட்டும் வேண்டாம் என்று திரும்பவும் அதிலேயே நின்றார்.

கடைசியில் அன்றைக்கு மட்டும் மூட்டையில் சட்டை இல்லை. மகன் கட்டுப் போட்ட காலோடு நொண்டிக்கொண்டு வந்து அம்மா மடியில் விழுந்தான். என் நாடகத்துக்கு இதைவிடக் கேவலம் கிடையாது. ஆனால் யோகம்மா அன்று நடித்த மாதிரி ஒருநாளும் நடித்ததில்லை. தினேஷ் தலையைப் பிடித்துக்கொண்டு அவர் அழுத அழுகையில் தவில்காரரே வாசிப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தார். திரை விழுந்த பிறகும் யோகம்மா பிடியை விடவில்லை. நான் அவரைத் திட்டக்கூட முடியாமல் கமிட்டித் தலைவரிடம் பாய்ந்தேன். அவர் விபூதித் தட்டை நீட்டிக்கொண்டு சொன்னார்: “கால் ஒடஞ்சா கட்டுப் போட்டுக்கலாமுங்க. பெத்தவளுக்கு அது போதுமுங்க.”

வேறு செக்ஷன்

பிறகு பிரசாந்திடமிருந்து போன் நின்றுவிட்டது. மெசேஜ் இல்லை. யோகம்மா அனுப்புகிற குரல் பதிவுகளுக்கு ஒரு டிக் மட்டும் விழும். ஏஜென்ட் முதலில் டவர் இல்லை என்றான். அப்புறம் வேறு கேம்ப் மாற்றியிருப்பார்கள் என்றான். அப்புறம் அவனே போனை எடுக்கவில்லை. ஒத்திகைக்கு வந்தாலும் யோகம்மா போனை இடுப்பில் சொருகிக்கொண்டுதான் நடிப்பார். எங்கேயாவது ஒரு போன் மணியடித்தால் வசனத்தைப் பாதியில் விட்டுவிடுவார்.

நானும் அவரும் மனு எழுதிக்கொண்டு அலைந்தோம். எந்த ஆபீஸ் என்று இங்கே சொல்லிப் பயனில்லை, எல்லா ஆபீசிலும் அதே நாற்காலிதான். ஒரு மேஜையில் இருந்தவர் மனுவை முழுக்கப் படித்தார். நல்ல மனிதர்தான், யோகம்மாவுக்கு ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார், டீ சொன்னார். எல்லாம் செய்துவிட்டு மனுவைத் திருப்பிக் கொடுத்தார். “போருக்குன்னு போயிருந்தா ஒரு செக்ஷனும்மா. வேலைக்குன்னு போயிருந்தா வேற செக்ஷன். உங்க பையன் எதுக்குப் போனாருன்னு தெளிவா எழுதிட்டு வாங்க.”

கேட்ட விலை

நாடகத்தை நிறுத்திவிடலாம் என்றேன். யோகம்மா கேட்கவில்லை. வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும், மேடையிலாவது கொஞ்ச நேரம் கத்தலாம் என்றார். சரி என்று ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவில் போட்டோம். எல்லாம் நன்றாகத்தான் போனது. சிப்பாய் வந்தான், மூட்டையைப் போட்டான், விலை சொன்னான். ஜனம் சிரிக்கத் தயாராக இருந்தது. யோகம்மா பேசவே இல்லை. மடியிலிருந்து காசை எடுத்து, கேட்டதை அப்படியே கொடுத்துவிட்டார். தினேஷ் முழித்தான். “இன்னும் கொறைக்க மாட்டியா?” என்று எடுத்துக்கூடக் கொடுத்தான். அவர் மூட்டையை வாங்கி மாரோடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். காட்சி படுத்தேவிட்டது.

எனக்கு வந்த கோபத்தில் தார்ப்பாய்க் கயிற்றைத் தூக்கி எறிந்தேன். பேரம் பேசாவிட்டால் அந்தக் காட்சியில் என்ன இருக்கிறது, ஊரே அதற்காகத்தானே வருகிறது என்று கத்தினேன். அவர் மூட்டையை இன்னும் கீழே வைக்கவில்லை. நான் கத்தி முடித்த பிறகு சொன்னார்: “பேரம் பேசினா அவன் வேற யாருக்காவது குடுத்துட்டுப் போயிட்டான்னா என்னண்ணே பண்ணுவேன்?”

தினேஷின் கணக்கு

தினேஷைப் பற்றிச் சொல்லவில்லையே. கொழுந்து வண்டி ஓட்டுகிறவன். தங்கமான பையன், வசனம் மட்டும் இழுத்து இழுத்துச் சொல்லுவான். பிரசாந்துக்குக் கூட்டாளி. யோகம்மாவை அத்தை என்றுதான் கூப்பிடுவான். இவ்வளவும் கூட இருந்து பார்த்தவன் ஒருநாள் என் கடைக்கு வந்து, நல்ல ஷூ ஒன்று வேண்டும், பனியில் தாங்க வேண்டும் என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேறு ஏஜென்ட், அதே நாடு. டிரைவர் வேலை. பட்டாளத்துக்கு வண்டி ஓட்டுவது மட்டும்தானாம். விசா வந்துவிட்டது. பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்தால் அவன் அம்மா ஒளித்துவிடுவாள் என்று சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தான்.

என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். கெஞ்சினேன், திட்டினேன், ஷூ இல்லை என்று அட்டைப்பெட்டியைப் பிடுங்கி உள்ளே வைத்தேன். பிரசாந்தை நினைத்துப் பார் என்றேன். அவனை நினைக்காத நாளே இல்லை, அங்கே போனால் தேடியாவது பார்க்கலாம் என்றான். போர் வேண்டாம் என்று என்னோடு சேர்ந்து அத்தனை ஊரில் கத்தினாயேடா என்றேன். அவன் சிரித்தான். “அண்ணா, உங்க நாடகத்துல நானும் எத்தனையோ வாட்டி செத்துட்டேன். நெசத்துல ஒரு வாட்டி பொழச்சுத்தான் பாக்கறேனே.”

கடைசிப் பேரம்

அவன் கிளம்புவதற்கு முன் கூடலூரிலேயே ஒரு நாடகம் இருந்தது. பிறகு சிப்பாய்க்கு ஆள் தேட வேண்டும் என்ற கவலையில் நான் திரைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யோகம்மாவிடம் தினேஷ் அன்று மத்தியானம்தான் விஷயத்தைச் சொல்லியிருந்தான். அவர் அதைக் கேட்டுக்கொண்டு எப்போதும்போல வேஷம் கட்டப் போய்விட்டார். அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

சிப்பாய் மூட்டையைப் போட்டான். “என்ன தருவே?” என்றான். யோகம்மா மூட்டையைக் காலால் தள்ளினார். “துணி வேண்டாம். உன் சட்டைப் பையில ஒரு பொஸ்தகம் வெச்சிருக்கியே, அது என்ன வெலை?”

கூட்டம் சிரித்தது. தினேஷ் என்னைப் பார்த்தான். நான் என்ன செய்வேன்? “அது விக்கறதுக்கில்ல” என்றான். “இங்க எல்லாம் விக்கறதுதான். வெலையச் சொல்லு” என்றார். காட்சியைக் காப்பாற்றலாம் என்று அவன் வாய்க்கு வந்ததைச் சொன்னான். “இந்தக் கடையே வேணும்.” “எடுத்துக்க.” “சைக்கிள்?” “அதுவும் எடுத்துக்க.” எப்போதும் குறைத்துக் குறைத்துப் பேசுகிற யோகம்மா ஏற்றிக்கொண்டே போனார். ஜனம் கைதட்டிச் சிரித்தது. அவன் தப்பிக்கப் பார்த்து, “உன் காதுல கெடக்கற தோடு குடுப்பியா?” என்று கேட்டுத் தொலைத்தான்.

அது நாடகத் தோடு இல்லை. பிரசாந்த் வேலைக்குப் போன முதல் மாசம் அனுப்பிய காசில் எடுத்தது. யோகம்மா திருகாணியைத் திருக ஆரம்பித்தார். கழலவில்லை. காது மடல் சிவந்து போகிற அளவுக்கு இழுத்தார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருத்தராக அடங்கினார்கள். ஒன்றைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து நீட்டினார். “என் பிள்ளை போன காசுல வந்தது இது. இதை வாங்கிக்கிட்டு அதைக் குடுத்துரு சாமி. பத்தலைன்னா சொல்லு. என்கிட்ட வேற பிள்ளை இல்ல, மத்தது எல்லாம் இருக்கு.”

எனக்குத் திரையை விட வேண்டும் என்றே தோன்றவில்லை, அழுதுகொண்டு நின்றேன். தினேஷ் தொப்பியைக் கழற்றினான். பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து அவர் மடியில் வைத்தான். கீழே உட்கார்ந்து, மூடாத அவர் கையை மூடிவிட்டான். மைக்கில் எல்லாருக்கும் கேட்டது. “வியாபாரம் முடிஞ்சுது அத்தை. தோட்டைப் போடுங்க.”

அந்தப் பாஸ்போர்ட்டை யோகம்மா எங்கே வைத்திருக்கிறார் என்று அவனுக்கும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை. பிரசாந்திடமிருந்து இதை எழுதுகிற வரை ஒரு சத்தமும் இல்லை. யோகம்மா தினமும் ஒரு குரல் பதிவு அனுப்புகிறார், அதே ஒரு டிக் விழுகிறது. தினேஷ் பழையபடி கொழுந்து வண்டி ஓட்டுகிறான், சில நாள் என் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, ஒன்றும் வாங்காமல் என்னை முறைத்துவிட்டுப் போகிறான்.

போர் வேண்டாம், போர் வேண்டாம் என்று மலை மலையாக ஏறித் தொண்டை கிழியக் கத்தினோம். எங்கள் நாடகம் தடுத்து நிறுத்திய ஆள் ஒரே ஒருத்தன், அவனும் பார்க்க வந்தவன் இல்லை, நடிக்க வந்தவன்.